யூபிஎஸ் நிக்குமா நிக்காதா? கரண்ட் போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை நிறுத்திப் பாருங்க

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஆபீஸ் நெட்டு, யூபிஎஸ், பேட்டரி பத்தித்தான். ஏன்னு தெரியும், மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்குத்தான் எல்லாருக்கும் யூபிஎஸ்னு ஒண்ணு மேஜைக்கடியில தூசி படிஞ்சு கிடக்கிறதே ஞாபகம் வரும். ஒவ்வொண்ணா பாப்போம், முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க, மத்ததுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

கேள்வி: அண்ணா, திருப்பூர்ல பனியன் ஜாப் வொர்க் யூனிட் வெச்சிருக்கேன். ஆபீஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர், பைபர் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், 8 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒண்ணு, எல்லாம் ஒரே 600 விஏ யூபிஎஸ்ல ஓடுது. வாங்கும்போது கடைக்காரர் அரை மணி நேரம் நிக்கும்னு சொன்னார். மூணு வருஷம் ஆச்சு. போன வாரம் சரக்கு வண்டிக்கு இ-வே பில் போட்டுட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, ரெண்டே நிமிஷத்துல எல்லாம் ஆஃப், லோடு ஏத்தின வண்டி வாசல்ல நிக்குது. புது யூபிஎஸ் வாங்கறதா, பேட்டரி மட்டும் மாத்தறதா? மாத்தினா எவ்ளோ நேரம் நிக்கும்னு எப்படி டெஸ்ட் பண்றது?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லலீங்க, ஆனா எந்த லோடுக்கு அரை மணி நேரம்னு அவரும் சொல்லல, நீங்களும் கேக்கல. 600 விஏன்னு போட்டிருக்கிற சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும், பெட்டிக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான் பாருங்க. உள்ள இருக்கிறது 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் அவர்) எஸ்எம்எஃப், அதாவது தண்ணி ஊத்த வேண்டாத லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணே ஒண்ணு. பெருக்கிப் பாத்தா 84 வாட் அவர் வரும், அது பேப்பர் கணக்கு. ஏன்னா அந்த 7 ஏஹெச்ங்கிறது 20 மணி நேரம் மெதுவா, அதாவது 0.35 ஆம்ப்ஸ்தான் இழுத்தா கிடைக்கிற அளவு. வேகமா இழுக்க இழுக்க அதே பேட்டரி கம்மியாத்தான் குடுக்கும், லெட் ஆசிட் பேட்டரியோட குணமே அது, எந்த கம்பெனி வாங்கினாலும் இப்படித்தான்.

உங்க கணக்குக்கு வருவோம். மானிட்டரோட சேத்து ரெண்டு கம்ப்யூட்டருக்கு 220 வாட்ஸ்னு வெச்சுக்கோங்க, நெட்டு சாமான் மூணுக்கும் ஒரு 25. மொத்தம் 245. யூபிஎஸ் தனக்குன்னு சாப்பிடறதையும் சேத்தா பேட்டரில இருந்து 25 ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும். இந்த இழுவைக்கு புத்தம் புது பேட்டரியே 6, 7 நிமிஷம் நின்னா பெரிசு. மூணு வருஷப் பேட்டரி ரெண்டு நிமிஷம் நின்னதே அதோட நல்ல மனசு. இதையே 25 வாட்ஸ் நெட்டு சாமானுக்கு மட்டும் குடுத்தீங்கன்னா அதே புது பேட்டரி ஒரு மணி நேரத்தைத் தாண்டி நிக்கும். அதனால நான் சொல்றது, ஒரே யூபிஎஸ்ல எல்லாத்தையும் சொருகாதீங்க. நெட்டுக்குன்னு சின்னதா ஒண்ணு தனியா வெச்சிருங்க, கம்ப்யூட்டருக்கு வேற. பில்லு போடற கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் நெட்டு உயிரோட இருந்தா லேப்டாப்லயோ போன்லயோ இ-வே பில்லை முடிச்சு வண்டியை அனுப்பிடலாம்.

பேட்டரி மட்டும் மாத்தினா போதுமான்னா, யூபிஎஸ் போர்டு நல்லா இருந்தா போதும், புது யூபிஎஸ் விலையில பாதிகூட வராது. பேட்டரி பக்கவாட்டுல வீங்கியிருந்தாலோ, தொட்டா சுட்டாலோ, அழுகின முட்டை மாதிரி வாசம் வந்தாலோ டெஸ்ட் எல்லாம் வேண்டாம், உடனே ஆஃப் பண்ணி மாத்திருங்க.

இப்ப டெஸ்ட். யூபிஎஸ் முன்னாடி இருக்கிற பட்டனை அமுக்கினா பீப்னு ஒரு சத்தம் வந்து பச்சை லைட் எரியும், அதோட டெஸ்ட் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அந்த செல்ஃப் டெஸ்ட் சில செகண்டுதான் பேட்டரியைத் தொட்டுப் பாக்கும், பேட்டரி செத்துப்போச்சான்னு சொல்லும், எத்தனை நிமிஷம் நிக்கும்னு சொல்லாது. அதுக்கு லோடு குடுத்து கடிகாரம் வெச்சுப் பாக்கறது ஒண்ணுதான் வழி.

முதல்ல யூபிஎஸ்ஸை ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ்ல விடுங்க. வேலை எல்லாம் முடிஞ்ச ஒரு சாயந்திரமாப் பாத்து வெச்சுக்கோங்க, டேலி கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து வெச்சுட்டு பண்ணாதீங்க, பேக்கப் எடுத்துட்டு கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணி கழட்டிருங்க. கம்ப்யூட்டருக்குப் பதிலா பழைய குண்டு பல்பு 100 வாட்ஸ் ரெண்டு வாங்கி ஹோல்டர்ல மாட்டி யூபிஎஸ்ல சொருகுங்க, 200 வாட்ஸ் லோடு ரெடி, கரண்ட் திடுக்னு நின்னாலும் பல்புக்கு ஒண்ணும் ஆகாது. எல்இடி பல்பு உதவாது, அது 9 வாட்ஸ்தான் இழுக்கும். ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

அப்புறம் சுவத்துல இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, பிளக்கைப் பிடுங்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா பிளக்கைப் பிடுங்கினா எர்த்தும் சேந்து போயிடும். சுவிட்சைத் தட்டினா ஃபேஸ் மட்டும்தான் கட் ஆகும், எர்த் அப்படியே இருக்கும். நிஜமா கரண்ட் போகும்போதும் எர்த் இருக்கத்தானே செய்யும், டெஸ்ட்டும் அதே மாதிரி இருக்கணும்.

சுவிட்ச் தட்டின அந்த நொடியில ரவுட்டர் லைட்டைப் பாருங்க, அணைஞ்சு எரிஞ்சுதா? இல்லைன்னா நல்லது. போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு மூணு நேரம் குறிச்சுக்கோங்க, பீப் எப்ப வேகமாச்சு, எப்ப ஒரேயடியா அலற ஆரம்பிச்சுது, எப்ப ஆஃப் ஆச்சு. இதுல வேகமான பீப்புக்கும் ஆஃப் ஆகறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் உங்களுக்கு முக்கியம், ஃபைலை சேவ் பண்ண கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். சில பழைய பேட்டரில அந்த இடைவெளி பத்து செகண்டுகூட இருக்காது.

அடுத்த பாதி டெஸ்டை யாருமே பண்றதில்ல. சுவிட்சைத் திரும்பப் போட்டுட்டு எதையும் தொடாம ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. யூபிஎஸ் தானா ஆன் ஆகுதா, இல்ல பட்டனை அமுக்கினாத்தான் ஆகுதா? பைபர் பாக்ஸ் வந்துச்சா, ரவுட்டர் வந்துச்சா, பிரிண்டர் நெட்வொர்க்ல பழைய நம்பர்லயே இருக்கா? சில யூபிஎஸ் முழுசா காலியாகி ஆஃப் ஆச்சுன்னா கரண்ட் வந்தாலும் யாராவது போய் பட்டனை அமுக்கற வரைக்கும் தூங்கிட்டுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்தா திங்கக்கிழமை காலைல நீங்க சாவி போட்டுத் திறக்கிற வரைக்கும் கேமராவும் கிடையாது, நெட்டும் கிடையாது.

இந்த நேரத்தை தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி யூபிஎஸ் மேலயே ஒட்டிருங்க. ஆறு மாசம் கழிச்சு அதே பல்பு, அதே லோடு வெச்சு மறுபடி பாருங்க. பேட்டரி முதல்ல குடுத்ததுல 80 சதவீதத்துக்குக் கீழ வந்துட்டா மாத்தணும்ங்கிறது பெரிய பெரிய டேட்டா சென்டர்ல பேட்டரி பாக்கறவங்க வெச்சிருக்கிற கணக்கு, ஏன்னா அதுக்கப்புறம் மெதுவா இறங்காது, சறுக்கிட்டுப் போயிடும். புதுசுல 10 நிமிஷம் நின்னது 8க்குக் கீழ வந்தா காசு எடுத்து வெச்சுக்கோங்க.

ஒண்ணு மறக்காதீங்க, முழுசா காலி பண்ற டெஸ்டை மாசா மாசம் பண்ணாதீங்க, லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி வறண்டு போற வரைக்கும் இழுத்தா அதுவே அதைக் கொன்னுடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும், மத்தபடி மாசம் ஒரு தடவை ஒரு நிமிஷம் சுவிட்சைத் தட்டிப் பாத்தா சரி. இன்னொண்ணு, நாளைக்கு ஷட்டவுன்னு பேப்பர்ல பாத்துட்டு இன்னிக்கு ராத்திரி டெஸ்ட் பண்ணாதீங்க. காலியான பேட்டரி திரும்ப நிறைய 8 மணி நேரமாவது வேணும், நீங்க டெஸ்ட் பண்ணதே அன்னிக்கு உங்களைக் கவுத்துடும்.

என் கதை ஒண்ணு சொல்லிடறேன். ஒரு கஸ்டமர் ஆபீஸ்ல புது பேட்டரி போட்டு, பல்பு வெச்சு டெஸ்ட் பண்ணி, 11 நிமிஷம்னு பெருமையா எழுதி ஒட்டிட்டு வந்தேன். அடுத்த ஷட்டவுன்ல போன் வருது, நெட்டு உடனே போயிடுச்சுன்னு. போய்ப் பாத்தா அந்த யூபிஎஸ் பின்னாடி ரெண்டு வரிசை சாக்கெட், ஒரு வரிசைக்குத்தான் பேட்டரி பேக்கப், இன்னொரு வரிசை சும்மா சர்ஜ், அதாவது திடீர்னு எகிர்ற வோல்டேஜ்ல இருந்து பாதுகாப்புக்கு மட்டும். ரவுட்டரை நான் ரெண்டாவது வரிசையில சொருகிட்டு வந்திருக்கேன். பல்பைப் பாத்தேனே தவிர ரவுட்டரைப் பாக்கல. அன்னிலருந்து சாக்கெட் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு டார்ச் அடிச்சுப் படிச்சுட்டுத்தான் சொருகறது.

கேள்வி: சார், சிதம்பரம் பக்கத்துல சின்ன கிளினிக். வீட்டு இன்வெர்ட்டர்தான், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோட. லைட்டு ஃபேன் எல்லாம் நல்லா ஓடுது. ஆனா கரண்ட் போகும்போதும் வரும்போதும் ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆகுது, திரும்ப நெட்டு வர மூணு நிமிஷம் ஆகுது. யூபிஎஸ்ஸும் தனியா வாங்கணுமா?

பதில்: முதல்ல இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, யூபிஎஸ்னு ஒரு பக்கம், எக்கோ இல்லாட்டி நார்மல்னு இன்னொரு பக்கம் போட்டிருக்கும். அதை யூபிஎஸ் பக்கம் தள்ளிட்டு டெஸ்ட் பண்ணுங்க. நார்மல்ல மாறறதுக்கு எடுத்துக்கிற நேரம் ஃபேனுக்குத் தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். கம்ப்யூட்டரோட எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி) சுமார் 16 மில்லிசெகண்ட் கரண்ட் இல்லாம தாக்குப்பிடிக்கிற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, அதுக்குள்ள இன்வெர்ட்டர் கைமாத்தி விட்டுட்டா ஒண்ணும் தெரியாது.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. யூபிஎஸ் மோடுல வச்சா ஈபி வோல்டேஜ் சுமார் 180க்கும் 260க்கும் நடுவுல இருந்தாத்தான் இன்வெர்ட்டர் அதை ஏத்துக்கும், நார்மல்ல 100ல இருந்து 290 வரைக்கும் விட்டுடும். உங்க ஏரியாவுல சாயந்திரம் மோட்டார் எல்லாம் ஓடற நேரத்துல வோல்டேஜ் 170க்கு இறங்குதுன்னா, கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, நிஜமா கரண்ட் போறப்ப பேட்டரி பாதி காலி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ராத்திரி ஏழு எட்டு மணிக்கு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. வோல்டேஜ் அப்படி இறங்குதுன்னா இன்வெர்ட்டரை நார்மல்லயே விட்டுட்டு ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ் போடுங்க, ரவுட்டருக்குன்னே வர்ற சின்ன பேட்டரி பெட்டி அது. அது அந்த ஒரு நொடியைத் தாண்டினா போதும், மீதியை உங்க பெரிய பேட்டரி பாத்துக்கும். தனியா பெரிய யூபிஎஸ் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி எவ்ளோ நாள் ஆச்சு?

கேள்வி: மினி யூபிஎஸ்னு ஆன்லைன்ல நூறு விதம் இருக்கு. 10,000 எம்ஏஹெச், 8 மணி நேரம்னு போட்டிருக்கான், நம்பலாமா?

பதில்: எம்ஏஹெச்சை நம்பாதீங்க, வாட் அவர் எவ்ளோன்னு கேளுங்க. அந்த 10,000ங்கிறது உள்ள இருக்கிற லித்தியம் செல்லோட 3.7 வோல்ட் கணக்கு, பெருக்கினா 37 வாட் அவர். உங்க ரவுட்டர் 12 வோல்ட். 12 வோல்ட்ல கணக்குப் போட்டா 3,000 எம்ஏஹெச்தான் வரும், அதுலயும் வோல்டேஜை ஏத்தறதுல கொஞ்சம் வீணாப் போகும். ரவுட்டர் 8 வாட்ஸ் இழுத்தா நாலு மணி நேரம் கிட்ட, பைபர் பாக்ஸும் சேந்தா ரெண்டு மணி நேரம். 8 மணி நேரம் நிக்கணும்னா ரவுட்டர் 4 வாட்ஸ்தான் இழுக்கணும், அப்படி ஒரு ரவுட்டரை நான் ஆபீஸ்ல பாத்ததில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர் அடாப்டர்ல என்ன போட்டிருக்குன்னு படிங்க. 12 வோல்ட் 1 ஆம்ப்ஸா, 2 ஆம்ப்ஸா, இல்ல 9 வோல்ட்டா. 9 வோல்ட் ரவுட்டர்ல 12 வோல்ட் சொருகினா புகை வந்தாலும் ஆச்சரியமில்ல. பின்னு உள்ள பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு அடாப்டர்ல ஒரு சின்ன படம் இருக்கும், அதுவும் ஒத்துப் போகணும். வீட்டுக்கு வந்ததும் ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ளயே ஒரு தடவை முழுசா ஓட விட்டுப் பாருங்க, அப்ப நாலு பேர் வீடியோ பாத்துட்டு இருக்கட்டும், சும்மா இருக்கிற ரவுட்டர் கம்மியா இழுக்கும், வேலை செய்யற ரவுட்டர் கூட இழுக்கும். ரவுட்டர் சூட்டு மேலயே மினி யூபிஎஸ்ஸைத் தூக்கி வெக்காதீங்க, பக்கத்துல வைங்க.

கேள்வி: யூபிஎஸ் சூப்பரா நிக்குது, ரவுட்டர்ல லைட்டெல்லாம் எரியுது, ஆனா கரண்ட் போன பத்தாவது நிமிஷம் நெட்டு மட்டும் இல்ல. யாரை திட்டறது?

பதில்: இது நல்ல கேள்வி, ஏன்னா நீங்க வீட்டுக்குள்ள சுவிட்சைத் தட்டிப் பண்ற டெஸ்ட் உங்க சாமானைத்தான் சோதிக்கும், தெருவுல இருக்கிற சாமானைச் சோதிக்காது. உங்களுக்கு வர்ற லைன் எந்த மாதிரின்னு பாருங்க. கண்ணாடி பைபர் நேரா உங்க பெட்டிக்குள்ள வந்து சொருகியிருந்தா, நடுவுல கம்பத்துல இருக்கிற ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட்டே வேண்டாம், அது வெறும் கண்ணாடி வேலை, எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருக்கிற மெஷினுக்கு கரண்ட் இருந்தா போதும். ஆனா லோக்கல் கேபிள்காரர் கிட்ட லைன் வாங்கி, கடைசி அம்பது அடி நீல கலர் லேன் ஒயர்ல வந்திருந்தா, அந்த ஒயர் யாரோ ஒரு வீட்டு மொட்டை மாடில இருக்கிற ஸ்விட்ச் பெட்டிக்குப் போகுது. அந்த வீட்டுல கரண்ட் போனா, அங்க இருக்கிற சின்ன பேட்டரி சாகற வரைக்கும்தான் உங்களுக்கு நெட்டு. பத்து நிமிஷம்னு நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்தா எனக்கு அந்தப் பேட்டரி மேலதான் சந்தேகம்.

பைபர் பாக்ஸ்ல LOS (லாஸ்)னு எழுதியிருக்கிற லைட் சிவப்பா எரிஞ்சா அந்தப் பக்கத்துல இருந்து வெளிச்சமே வரலன்னு அர்த்தம். PON (பான்)னு எழுதியிருக்கிறது பச்சையா நிலையா இருந்து நெட்டு மட்டும் இல்லைன்னா பிரச்சினை அதுக்கும் மேல. அடுத்த ஷட்டவுன் அன்னிக்கு எந்த லைட் எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் கேபிள்காரர் கிட்ட பேசுங்க, வெறும் வாயால நெட்டு வரலன்னு சொன்னா பாத்துட்டு சொல்றேன்னுதான் பதில் வரும். அவர் பேட்டரி மாத்தலைன்னா கம்பெனி பைபருக்கு மாறிக்கோங்க, இல்லாட்டி சிம் போடற ரவுட்டர் ஒண்ணு கைவசம் வெச்சுக்கோங்க. ஆனா செல்போன் டவரும் பேட்டரிலயும் டீசல்லயும்தான் நிக்குது, 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சப்ப சென்னைல இருந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ரவுட்டர்ல கரண்ட் இருந்தும் பேச ஆள் இல்லாத கதை.

கேள்வி: சிவகாசில பிரிண்டிங் பிரஸ். கரண்ட் போனா ஜெனரேட்டர் போடறோம். ஜெனரேட்டர் ஓடும்போதும் யூபிஎஸ் பீப் பீப்னு அடிச்சுட்டே இருந்து கடைசில ஆஃப் ஆயிடுது. யூபிஎஸ் கோளாறா?

பதில்: பெரும்பாலும் யூபிஎஸ் சரியாத்தான் இருக்கு, ஜெனரேட்டர்தான் ஆட்டம் போடுது. மெஷின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் ஜெனரேட்டரோட வேகம் ஏறி இறங்கும், கூடவே 50 ஹெர்ட்ஸும் வோல்டேஜும் ஆடும். யூபிஎஸ் இது நல்ல கரண்ட் இல்லைன்னு சொல்லி பேட்டரிலயே உக்காந்திருக்கும், சார்ஜும் ஏறாது, ஒரு கட்டத்துல காலியாகி ஆஃப். ஜெனரேட்டர் மெக்கானிக்கை விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னரை சரி பண்ணச் சொல்லுங்க, வோல்டேஜை நிலையா வெக்கிற ஏவிஆரையும் பாக்கச் சொல்லுங்க. சில யூபிஎஸ்ல சென்சிட்டிவிட்டின்னு ஒரு செட்டிங் இருக்கும், அதைக் குறைச்சு வெச்சா ஏத்துக்கும். அப்புறம் ஆஃபீஸ் லைனையும் மெஷின் லைனையும் வேற வேற ஃபேஸ்ல பிரிச்சு விடுங்க. டெஸ்ட் பண்ணும்போது ஜெனரேட்டரை சும்மா ஓட விட்டுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மெஷினை ஆன் பண்ணிப் பாருங்க, அப்பதான் தெரியும்.

கேள்வி: லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ல போடலாமா?

பதில்: கூடாது. உள்ள இருக்கிற ஃபியூசர் சூடாகும்போது பல நூறு வாட்ஸ் ஒரே இழுப்பா இழுக்கும், ஓவர்லோடுன்னு கத்திட்டு உங்க கம்ப்யூட்டரையும் சேத்து ஆஃப் பண்ணிடும். நேரா சுவத்துல சொருகுங்க.

கேள்வி: ஈரோட்டுல ஆடிட்டர் ஆபீஸ். டேலி டேட்டா எல்லாம் ஒரு நாஸ் பெட்டில (நெட்வொர்க்ல எல்லாரும் சேந்து ஃபைல் வெக்கிற ஹார்டு டிஸ்க் பெட்டி) இருக்கு. ஆயிரம் விஏ யூபிஎஸ் போட்டிருக்கோம், 20 நிமிஷம் நிக்குது, டெஸ்ட் பண்ணிட்டோம். இனிமே பயமில்லைதானே?

பதில்: பகல்ல பயமில்ல, ஆள் இருப்பீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனா 20 நிமிஷம் கழிச்சு நாஸ் பெட்டி பொத்துன்னு ஆஃப் ஆகும், எழுதிட்டு இருக்கிற டேட்டா நடுவுல நிக்கும். யூபிஎஸ் வாங்கின அட்டைப்பெட்டில யூஎஸ்பி ஒயர் ஒண்ணு வந்திருக்குமே, பத்துல எட்டு ஆபீஸ்ல அது கவர் பிரிக்காம டிராயர்ல கிடக்கும். அதை நாஸ்ல சொருகுங்க. பெரும்பாலான நாஸ் செட்டிங்ல யூபிஎஸ்னு ஒரு பக்கம் இருக்கும், கரண்ட் போய் அஞ்சு நிமிஷம் ஆனா நீயே ஒழுங்கா ஷட்டவுன் ஆயிடுன்னு சொல்லி வெச்சிடலாம். வாங்கறதுக்கு முன்னாடியே உங்க நாஸ் அந்த யூபிஎஸ் மாடலை ஏத்துக்குமான்னு லிஸ்ட் பாத்துக்கணும், யூஎஸ்பி ஓட்டையே இல்லாத மலிவு மாடலும் இருக்கு.

இதையும் டெஸ்ட் பண்ணணும், ஒயர் சொருகினதோட விட்டுறாதீங்க. டேட்டாவைத் தனியா ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுத்து வெச்சுட்டு, எல்லாரையும் டேலியை மூடச் சொல்லிட்டு, சுவிட்சைத் தட்டிட்டு டீ குடிச்சுட்டு வாங்க. வந்து பாக்கும்போது நாஸ் தானா படுத்திருக்கணும், யூபிஎஸ்ல இன்னும் பேட்டரி மிச்சம் இருக்கணும். அப்புறம் சுவிட்சைப் போட்டா நாஸ் தானா எழுந்திரிக்குதான்னும் பாருங்க, கரண்ட் வந்தா ஆன் ஆகுங்கிற செட்டிங் தனியா இருக்கு. நாஸ் ஷட்டவுன் ஆகவே மூணு நாலு நிமிஷம் எடுத்துக்கும்ங்கிறதையும் கணக்குல வைங்க. அதனாலதான் 20 நிமிஷம் நிக்குதுன்னு 18வது நிமிஷத்துல ஷட்டவுன் போட்டு வெக்கக் கூடாது, அடுத்த வருஷம் பேட்டரி 14 நிமிஷத்துக்கு வந்திருக்கும், உங்க செட்டிங் அப்படியே 18ல நிக்கும்.

கேள்வி: மதுரைல சின்னதா ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடற கடை, நானும் என் வீட்டுக்காரரும்தான் பாத்துக்கறோம். யூபிஎஸ் வாங்கி 14 மாசம். ரெண்டு வருஷ வாரண்டின்னு பில்லுலயே இருக்கு. பேட்டரி போயிடுச்சு, கடையில கேட்டா வாரண்டி யூபிஎஸ்ஸுக்குத்தான் பேட்டரிக்கு இல்லைங்கறாங்க. பிசினஸுக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே?

பதில்: மேடம், முதல்ல வாரண்டி கார்டை எடுத்து வெச்சு ஒரு தடவை முழுசா படிங்க. பேட்டரிக்கு தனியா கம்மி மாசம் போட்டிருக்கானா, இல்ல பேட்டரியும் சேத்து ரெண்டு வருஷமா? கார்டுல பேட்டரியும் சேத்துன்னு இருந்தா கடைக்காரர் வாய் வார்த்தைக்கு மதிப்பே இல்ல, நேரா கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் பேசி கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிக்கோங்க.

பேசறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ எடுங்க. யூபிஎஸ் சீரியல் நம்பரைக் காமிச்சு, என்ன லோடு மாட்டியிருக்குன்னு காமிச்சு, சுவிட்சைத் தட்டி, ஆஃப் ஆகற வரைக்கும் நிறுத்தாம எடுங்க. ரெண்டு நிமிஷ வீடியோ, அது இருந்தா நீங்க ஓவர்லோடு பண்ணிட்டீங்கன்னு யாரும் கதை விட முடியாது. யூபிஎஸ்ஸை நீங்களே திறக்காதீங்க, சீல் உடைஞ்சுதுன்னு அதையே சாக்கா சொல்வாங்க, பேட்டரி கழட்டினாலும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும் வேற.

சட்டத்துக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வணிக நோக்கத்துக்கு வாங்கினவங்க நுகர்வோர் இல்லைன்னு இருக்கறது உண்மைதான். ஆனா அதே இடத்துலயே ஒரு விளக்கமும் போட்டிருக்கு, சுயதொழில் செஞ்சு பொழைக்கறதுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினா அது வணிக நோக்கம் ஆகாதுன்னு. நீங்களும் வீட்டுக்காரரும் உக்காந்து நடத்தற கடை அதுல வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. இருபது பேரை வெச்சு நடத்தற கம்பெனின்னா வேற கதை. முதல்ல 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, அதுல புகார் குடுங்க, அதுக்கே பாதி கம்பெனி இறங்கி வந்துடும். வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபா வரைக்கும் உள்ள பொருளுக்கு மனு கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம்.

புது பேட்டரி குடுத்தாங்கன்னா வாங்கும்போது அதுல அச்சடிச்சிருக்கிற தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. கடை அலமாரில சும்மா இருந்தாலும் இந்த பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் பண்ணி வெச்சிருக்கணும், ஒரு வருஷம் சார்ஜ் இல்லாம கிடந்த பேட்டரி புதுசுன்னு பேர்தானே தவிர பாதி கிழடு. பழைய பேட்டரியைக் குப்பையில போட்டுறாதீங்க, உள்ள இருக்கிறது ஈயமும் ஆசிடும், 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கறவங்கதான் திரும்ப எடுத்துக்கணும், கடையில மாத்திக்கும்போது எடைக்கு ஒரு தொகை கழிச்சும் குடுப்பாங்க, கேட்டு வாங்குங்க.

அப்புறம் யூபிஎஸ்ஸை எங்க வெச்சிருக்கீங்க? ஜெராக்ஸ் மெஷின் பின்னாடி வெச்சிருந்தா அங்கதான் உங்க 14 மாசக் கதையே இருக்கு. இந்தப் பேட்டரிங்க கணக்கு 25 டிகிரிக்குப் போட்டது, அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு. மதுரை வெயில், மெஷின் சூடு, மூடின மேஜை, மூணும் சேந்தா எந்த கம்பெனி பேட்டரியும் ரெண்டு வருஷம் தாண்டாது. வாரண்டில மாத்திக் குடுத்ததும் அதை ஃபேன் காத்து படற இடத்துக்கு நகத்திட்டு, பல்பு வெச்சு முதல் நாள் நேரத்தை எழுதி ஒட்டிருங்க.